கோள்களின் ஒளி: தன்னொளியா, இரவல் ஒளியா? – ஒரு வினாவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

விண்மீன்கள் தாமே ஒளிர்பவை. கோள்கள் ஞாயிற்றின் ஒளியை எதிரொளிப்பவை. இவ்வேறுபாடு இன்று பள்ளிப் பாடத்தின் தொடக்கநிலைச் செய்தியாக உள்ளது. இது எத்தகைய சான்றுகளால் நிலைபெற்றது, எவ்விடங்களில் மீண்டும் ஐயத்திற்குள்ளானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘கோள்’ என்னும் தமிழ்ச்சொல்லை ஒளிகொள்ளுதலோடு இணைத்துக் காணும் விளக்கமும் இங்கு மறு ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கோள், தன்னொளி, எதிரொளி, வெள்ளியின் கலைகள், கலிலியோ, ஆரியபடர், வியாழன்

முன்னுரை

ஞாயிற்றிடமிருந்து ஒளியைக் கொள்வதால் ‘கோள்’ எனப் பெயர் பெற்றது என்று மேடைகளிலும் கட்டுரைகளிலும் கூறப்படுவதுண்டு. கோள்களுக்குத் தன்னொளி இல்லை என்பதைத் தமிழர் தொலைநோக்கி தோன்றுவதற்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சொல்லே சான்றாகவும் காட்டப்படுகிறது. இக்கூற்றை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன் ஒன்றைக் கேட்க வேண்டியுள்ளது. கோள் ஒன்று தன்னொளி உடையதா, இரவல் ஒளி உடையதா என்பதை ஒருவர் எவ்வாறு அறிய இயலும்? வெறுங்கண்ணுக்கு வெள்ளியும் வியாழனும் எந்த விண்மீனையும் விஞ்சிய ஒளியுடையன. மிகுதியாக ஒளிர்வது இரவலர், மங்கலாக ஒளிர்வது தன்னுடைமையர் என்னும் முடிவு காட்சிக்கு முற்றிலும் முரணானது. அம்முடிவை எட்ட நெடுங்காலம் ஆயிற்று என்பதில் வியப்பில்லை.

வடிவம் மாறாத விண்பொருள்கள்

நிலவின் செய்தி எளிது. அது தேய்கிறது, வளர்கிறது. அதன் ஒளிமிக்க பக்கம் எப்போதும் ஞாயிற்றை நோக்கியே உள்ளது. புவியின் நிழலில் புகுந்தால் மங்குகிறது. எனவே கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் அனக்சகோரசு நிலவின் ஒளி ஞாயிற்றினுடையது என்று கூற முடிந்தது. இந்திய மரபில் வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில், கண்ணாடியில் பட்ட கதிர் இருண்ட வீட்டினுள் பாய்வதைப் போல நிலவில் பட்ட ஞாயிற்றொளி இரவின் இருளை நீக்குகிறது என விளக்கினார். கி.பி. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அரபு ஒளியியலாளர் இபின் அல்-ஹைதம் இக்கண்ணாடி உவமையை ஏற்கவில்லை. நிலவு கண்ணாடியாக இருப்பின் அதன் ஒரு சிறு புள்ளி மட்டுமே நமக்கு ஒளிரும். ஆனால் ஒளிபட்ட பகுதி முழுவதும் தெரிகிறது. ஆகவே ஒளிபட்ட ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசைகளிலும் ஒளியை வெளிவிடுகிறது என்பது அவர் முடிவு. இன்று நாம் சிதறல் எதிரொளிப்பு என வழங்குவதற்கு மிக அணுக்கமான கருத்து இது.

நிலவை இத்துணை நுட்பமாக ஆராய்ந்த அவரே, கோள்களும் விண்மீன்களும் தன்னொளி உடையன என்றார் என்பது கருதத்தக்கது. அவர் வாதத்தின் அச்சாணி, வடிவம் மாறாமை. கோள்கள் ஞாயிற்றொளியைப் பெறுவனவாயின் நிலவைப் போல் அவையும் கலைகள் காட்ட வேண்டும், அவ்வாறு காட்டவில்லை, ஆதலின் அவை தாமே ஒளிர்வன. முடிவு தவறு, வாதம் சரியானது. காட்சிக் கருவி போதாமையால் நேர்ந்த பிழையை அறிவுக் குறைவாகக் கொள்ளலாகாது. இபின் சீனாவும் கோள்களுக்குத் தன்னொளி உண்டென்றே கொண்டார். அவருடைய கருத்தும், அனைத்து விண்பொருள்களுக்கும் ஒளிமூலம் ஞாயிறே என்ற பெரிய ஆல்பெர்ட்டின் கருத்தும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நீண்டகாலம் எதிரெதிர் நின்றன. இரு சாராரிடமும் முடிவான சான்று இல்லை.

இப்பின்னணியில் ஆரியபடரைக் காண வேண்டும். 499இல் இயற்றப்பட்டதாகக் கொள்ளப்படும் ஆரியபடீயத்தின் கோளபாதத்தில் ஐந்தாம் செய்யுள் இப்பொருளைத் தெளிவாகக் கூறுகிறது. (இங்குள்ள ‘கோளம்’ உருண்டையைக் குறிக்கும் வடசொல்; தமிழ்க் ‘கோள்’ அன்று.) புவி, கோள்கள், விண்மீன்கள் ஆகியவற்றின் உருண்டைகளில் ஒரு பாதி தன் நிழலால் இருண்டும், ஞாயிற்றை நோக்கிய மறுபாதி ஒளிபெற்றும் உள்ளன என்பது அதன் கருத்து. கோள்கள் தாமே ஒளிர்வதில்லை என்பதை ஆரியபடர் கண்டறிந்தார் என இச்செய்யுளைக் காட்டிப் பாராட்டுவோர் பலர். ஆயின் அதே செய்யுள் விண்மீன்களையும் அதே பட்டியலில் சேர்க்கிறது. கோள்களைப் பற்றிய கூற்றை எடுத்துக்கொண்டு விண்மீன்களைப் பற்றிய கூற்றை விட்டுவிடுவது ஆய்வு நேர்மையாகாது. ஆரியபடரின் பெருமை வேறிடத்தில் உள்ளது. புவியையும் ஏனைய விண்ணுருண்டைகளையும் ஒரே விதிக்கு உட்பட்டனவாக அவர் கருதினார். நாம் நிற்கும் நிலமும் தொலைவிலிருந்து நோக்கின் பாதி ஒளிரும் உருண்டையே என்பது அதன் உட்பொருள். அரிஸ்டாட்டில் மரபு விண்ணுக்கும் மண்ணுக்கும் வெவ்வேறு பொருளியல்பு வகுத்திருந்ததை நினைத்தால் இக்கருத்தின் அருமை விளங்கும்.

1543இல் வெளிவந்த கோபர்னிக்கசின் நூலும் இவ்வினாவை முடித்துவைக்கவில்லை. முதற்பகுதியின் பத்தாம் இயலில், வெள்ளியும் புதனும் ஞாயிற்றுக்குக் கீழே உள்ளனவா, மேலே உள்ளனவா என்னும் பழைய வழக்கை அவர் விரித்துரைக்கிறார். கோள்கள் இருண்ட பொருள்கள் எனக் கொண்டோர், அவை கீழே இருப்பின் குறைவட்டமாகத் தோன்றவும் ஞாயிற்றை மறைக்கவும் வேண்டும் என்றனர். அவ்வாறு காணாமையால் அவற்றை மேலே வைத்தனர். எதிர்த்தரப்பினர், கோள்கள் தன்னொளியாலோ உடல் முழுவதும் உட்கொண்ட ஞாயிற்றொளியாலோ ஒளிர்கின்றன என விடையிறுத்தனர். கோபர்னிக்கசு இவ்விரண்டையும் எடுத்துக்கூறியதோடு அமைகிறார். வெள்ளிக்குக் கலைகள் உண்டு, அவை என்றேனும் காணப்படும் என அவர் முன்னறிந்து கூறினார் என்பது பிற்காலத்தில் பரவிய கதை. பாடநூல்களில் இன்றும் அது இடம்பெறுகிறது. அவர் நூலில் இல்லை.

1610ஆம் ஆண்டின் இறுதி வாரங்கள்

1610 மே மாதத்தில் வெள்ளி ஞாயிற்றுக்கு அப்பால் மறைந்திருந்தது. கோடைக்குப் பின் அது மாலை வானில் மெல்லத் தோன்றலாயிற்று. அவ்வாண்டு மார்ச்சில் வியாழனின் நான்கு நிலவுகளை உலகுக்கு அறிவித்திருந்த கலிலியோ, இப்போது ஃபிளாரன்சில் இருந்தவாறு வெள்ளியை நோக்கினார். முதலில் சிறிய முழுவட்டமாகத் தெரிந்த அது, நாளடைவில் பெரிதாகிக்கொண்டே ஒரு பக்கம் குறையத் தொடங்கி, டிசம்பர் நடுவில் ஏறக்குறைய அரைவட்டமாயிற்று. பின்னர்ப் பிறையாகத் தேய்ந்தது; ஆனால் அப்பிறை முன்னைய முழுவட்டத்தினும் விட்டத்தில் பல மடங்கு பெரிதாக இருந்தது.

இக்கடைசிக் கூறே பழைய புதிருக்கு விடை. வெள்ளியின் தோற்ற விட்டம் ஏறக்குறைய 10 முதல் 60 வில்நொடி வரை மாறுகிறது. வெறுங்கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ 60 வில்நொடி. ஆதலின் வடிவம் கண்ணுக்குத் தெரிய வழியில்லை. ஒளியளவாவது மாறித் தெரிந்திருக்கலாமே எனில், அதற்கும் இடமில்லாமற் போயிற்று. வெள்ளி நமக்கு அணுகும்போது அதன் ஒளிபட்ட பகுதி குறைகிறது. முழுவட்டமாகும்போது அது மிகத் தொலைவில் உள்ளது. ஒன்றன் ஆதாயத்தை மற்றொன்றன் இழப்பு பெருமளவு ஈடுசெய்கிறது. இரவல் ஒளியே தன் இரவல் தன்மையை மறைத்து நின்றது எனலாம். இபின் அல்-ஹைதம் கேட்ட சான்று வானில் எப்போதும் இருந்தது. காண்பதற்குரிய கண் இல்லை.

டிசம்பர் 5 அன்று பிரெசியா நகரிலிருந்து கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி ஒரு மடல் எழுதினார். கோபர்னிக்கசின் அமைப்பு மெய்யெனின் வெள்ளி சிலபோது பிறையாகவும் சிலபோது வேறாகவும் தோன்ற வேண்டும்; தாங்கள் அதைக் கண்டதுண்டா என்பது அவர் வினா. டிசம்பர் 11 அன்று கலிலியோ பிராகாவிலிருந்த டஸ்கனித் தூதர் வழியாக எழுத்துமாற்றுப் புதிர் ஒன்றை அனுப்பினார். அங்கிருந்த கெப்ளர் எழுத்துகளைப் பலவாறு மாற்றியமைத்தும் விடை காணவில்லை. டிசம்பர் 30இல் காஸ்டெல்லிக்கும் உரோமைக் கல்லூரியின் கிளாவியுசுக்கும் கலிலியோ செய்தியை வெளிப்படையாக எழுதினார். 1611 சனவரி முதல் நாள் மடலில் புதிரின் விடையும் வந்தது: வெள்ளி நிலவைப் போலவே வடிவம் மாறுகிறது.

மடல்களின் இந்நாள்வரிசை வரலாற்றாசிரியரிடையே பூசலை விளைத்துள்ளது. 1985இல் ரிச்சர்டு வெஸ்ட்ஃபால், கலிலியோ அக்கருத்தையே காஸ்டெல்லியின் மடலிலிருந்து எடுத்துக்கொண்டார் என்னும் பொருள்பட எழுதினார். ஸ்டில்மன் டிரேக், ஓவன் கிங்கரிச் முதலியோர் மறுத்தனர். கலிலியோ விரித்துரைக்கும் வடிவ வரிசை அவ்வாண்டின் வெள்ளியின் நிலைகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் பொருந்துகிறது. சிறிய முழுவட்டமாக இருந்த தொடக்கநிலையை டிசம்பரில் நோக்கத் தொடங்கிய ஒருவர் கண்டிருக்க இயலாது. கணக்கிட்டுப் புனைந்திருக்கலாமே என்று ஐயுறுவோர்க்கு இதனால் முழு நிறைவு ஏற்படாது. எனினும் மடல் கிடைத்த பின்னரே அனைத்தும் தொடங்கின என்பதைவிட, நோக்கல் முன்பே நடந்துகொண்டிருந்தது, மடல் அறிவிப்பை விரைவுபடுத்தியிருக்கலாம் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

முதன்மை யாருக்குரியது என்பதைவிடச் சனவரி மடலில் கலிலியோ பெற்ற முடிவுகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. இரண்டு பெருவினாக்கள் தீர்ந்தன என்கிறார். ஒன்று, கோள்கள் அனைத்தும் இயல்பில் இருண்டவை. மற்றொன்று, வெள்ளியும் புதனும் ஞாயிற்றைச் சுற்றுகின்றன. இன்று நாம் இரண்டாவதையே பெரிதாகப் பேசுகிறோம். அவரோ ஒளி பற்றிய முடிவை முதலில் வைத்தார். பல நூற்றாண்டு வழக்கு அதுதான். தாலமியின் அமைப்பில் வெள்ளி எப்போதும் ஞாயிற்றுக்கு இப்புறமே இருப்பதால் அது அரைவட்டத்தினும் பெருகித் தோன்ற இயலாது. பெருகித் தோன்றியமையால் அவ்வமைப்பு வீழ்ந்தது. ஆயினும் கோள்கள் ஞாயிற்றையும் ஞாயிறு புவியையும் சுற்றுவதாகக் கூறிய டைக்கோ பிராகேயின் அமைப்புக்கு இதனால் கேடொன்றும் இல்லை. 1611 ஏப்ரலில் கர்தினால் பெல்லார்மின் கேட்டபோது கிளாவியுசும் உடனிருந்த கணிதரும் வெள்ளியின் கலைகளை உறுதிப்படுத்த இயன்றமைக்கு இதுவும் ஒரு காரணம். கோள் இருண்டது என ஒப்புவதற்குப் புவி நகர்கிறது என ஒப்ப வேண்டியதில்லை.

ஓர் இடைவெளியும் இங்கு உண்டு. கண்டது வெள்ளி ஒன்றை. முடிவு கூறியது கோள்கள் அனைத்தையும் பற்றி. புதனின் கலைகளை ஜொவானி சூப்பி கண்டது 1639இல்தான். வியாழனும் சனியும் ஞாயிற்றினின்று மிகத் தொலைவில் இருப்பதால் புவியிலிருந்து நோக்கும்போது கலைகள் காட்டுவதில்லை. அவற்றிற்கு வேறு சான்று தேவைப்பட்டது.

நிழல் தந்த சான்று

கலைகள் தாமே முடிவான சான்றா என்பதும் ஐயத்திற்குரியது. பாபிலோனியரான பெரோசசு நிலவைப் பற்றி ஒரு கொள்கை கூறியதாக விட்ருவியசு பதிவு செய்துள்ளார். நிலவு ஒரு பாதி ஒளியும் மறுபாதி இருளுமான உருண்டை. ஒளிப்பாதி ஞாயிற்றால் ஈர்க்கப்பட்டு அதை நோக்கித் திரும்புகிறது. இக்கொள்கையின்படி நிலவு தன்னொளி உடையது. ஆனாலும் கலைகள் அனைத்தும் அப்படியே நிகழும்! வெள்ளிக்கும் இதைப் பொருத்தினால் கலிலியோவின் காட்சியால் மறுக்க இயலாது. 1631 நவம்பர் 7இல் காசந்தி கண்ட புதனின் கடப்பும், 1639இல் இங்கிலாந்தின் ஹோராக்சு கண்ட வெள்ளியின் கடப்பும் ஞாயிற்றின்மீது கரும்புள்ளிகளைக் காட்டின. அவையும் நம்மை நோக்கிய பாதி இருண்டது என்பதையே நிறுவின.

பெரோசசை மறுக்க ஒரே வழி, ஒளி வரும் பாதையை இடைமறித்துப் பார்ப்பது. நிலவுக்கு அதைப் புவியின் நிழல் செய்கிறது. வெள்ளிக்கு அவ்வாறு மறிப்பார் எவருமில்லை. வியாழனுக்கு உண்டு. அதன் நிலவுகள் வியாழனின் நிழலில் புகுந்தவுடன் பார்வையினின்று மறைகின்றன. தன்னொளி இருப்பின் அவை மறைய வேண்டியதில்லை. (இம்மறைவுகளின் நேரத்தைக் கணக்கிட்டே 1676இல் ரோமர் ஒளி பரவுவதற்குக் காலம் தேவை என்று நிறுவினார்.) மேலும், அந்நிலவுகளின் நிழல் வியாழனின் வட்டத்தின்மீது கரும்பொட்டுகளாக நகர்வதை 1660களில் காசினி கண்டார். எவ்விடத்தில் ஞாயிற்றொளி தடுக்கப்படுகிறதோ அவ்விடத்தில் வியாழன் இருள்கிறது. சனிக்கு அதன் வளையத்தின்மீது விழும் கோளின் நிழலே சான்று. கோளொளி இரவல் என்பதை ஐயமற நிறுவியது பிறையைவிட இப்பொட்டு நிழல்களே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வரலாற்று நூல்கள் வெள்ளிக்குத் தரும் இடத்தில் பாதியேனும் இவற்றிற்குத் தருவதில்லை.

வியாழன் மீண்டும் எழுப்பிய ஐயம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒளியை அளக்கும் கலை வளர்ந்தபோது தீர்ந்த வழக்கு மீண்டும் திறந்தது. ஹார்வர்டு வானாய்வகத்தின் ஜார்ஜ் பாண்டு 1860ஐ ஒட்டிய ஆண்டுகளிலும், ஜெர்மனியின் சோல்னர் 1865இலும் கோள்கள் பெறும் ஒளியில் எவ்வளவைத் திருப்புகின்றன எனக் கணக்கிட்டனர். சோல்னரின் கணக்கில் நிலவு ஏறத்தாழ 17 விழுக்காட்டையும் வியாழன் 62 விழுக்காட்டையும் திருப்பின. வெண்தாளை நெருங்கும் இவ்வளவு இயல்பானதா, வியாழன் சிறிது தன்னொளியும் சேர்த்து அனுப்புகிறதா என்னும் ஐயம் எழுந்தது. வியாழனின் முகில் பட்டைகள் ஓயாது மாறுவதும், ஞாயிற்று வெப்பம் குறைந்த அத்தொலைவில் அத்தகைய கொந்தளிப்பு நிகழ்வதும் ஐயத்தை வளர்த்தன. ரிச்சர்டு பிராக்டர் 1870 முதல் தம் நூல்களில் வியாழனை இன்னும் ஆறாத, பாதி ஞாயிறு போன்ற பொருளாக வருணித்துப் பெருவாரியான வாசகரிடம் இக்கருத்தைக் கொண்டுசேர்த்தார்.

நிழற்பொட்டுகள் இதற்கு இடங்கொடுக்கவில்லை. வியாழன் குறிப்பிடத்தக்க அளவு ஒளி உமிழ்ந்தால், அதன் நிழலில் புகுந்த நிலவுகளை அவ்வொளியே மங்கலாகவேனும் காட்ட வேண்டும். அவை முற்றிலும் மறைகின்றன. 1923இல் ஹெரால்டு ஜெஃப்ரீசு வெளிக்கோள்களின் மேற்பரப்பு குளிர்ந்தே இருக்க வேண்டும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். அதே காலத்தில் லோவெல் வானாய்வகத்தில் காப்லென்ட்சும் லாம்ப்லாண்டும் செய்த வெப்ப அளவீடுகள் அதனை உறுதிசெய்தன. வியாழன் தன் மேகமட்டத்தில் நீரின் உறைநிலைக்கும் நூறு பாகைக்கு மேல் கீழானது.

பிராக்டர் முற்றிலும் தோற்றுவிட்டார் என்று நூல்கள் எழுதப்பட்ட பின்னர், 1966இல் ஃபிராங்க் லோ அகச்சிவப்பு அளவீடுகளால் வியாழனும் சனியும் ஞாயிற்றிடமிருந்து பெறுவதினும் மிகுதியான ஆற்றலை வெளியிடுகின்றன எனக் கண்டார். வாயேஜர் விண்கலத் தரவுகள் வியாழனுக்கு இவ்விகிதத்தை ஏறத்தாழ 1.7 எனக் காட்டின. காசினி விண்கலத் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளிவந்த ஆய்வு அதனை 2.1 அளவுக்கு உயர்த்தியது. தோன்றிய காலத்து வெப்பமும் மெல்லச் சுருங்குவதால் வெளிப்படும் ஆற்றலுமே இதன் ஊற்று. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் வியாழன் இன்றும் இரவலரே, அகச்சிவப்பில் தன்னுடைமையர். 1955இல் பர்க்கும் ஃபிராங்க்ளினும் கண்டறிந்தபடி, வானொலி அலையிலும் அவ்வாறே. கலிலியோவின் கூற்று பொய்த்துவிட்டதா எனில் இல்லை. அவர் ‘ஒளி’ என்றது கண்ணறியும் ஒளியை மட்டுமே. வேறொன்று உண்டென அவர் அறிய வழியில்லை.

வெள்ளியின் இருண்ட பாதியில் மெல்லிய சாம்பல் ஒளி தெரிவதாக ரிச்சியோலி 1643இல் எழுதினார். அதன்பின் பலர் கண்டதாகவும் பலர் காணவில்லை எனவும் எழுதியுள்ளனர். அவ்வழக்கு இன்றும் முடியவில்லை. எனினும் 2020, 2021ஆம் ஆண்டுகளில் வெள்ளியைக் கடந்துசென்ற பார்க்கர் விண்கலத்தின் ஒளிப்படக்கருவி, 460 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் தகிக்கும் அதன் நிலப்பரப்பு செந்நிற எல்லையில் மங்கலாக ஒளிர்வதைப் பதிவு செய்தது. கலிலியோ எக்கோளைக் கொண்டு கோள்கள் இருண்டவை என்றாரோ, அக்கோளே மிகச் சிறிதளவு தானும் ஒளிர்கிறது. 2008இல் எச்.ஆர். 8799 என்னும் இளம் விண்மீனைச் சுற்றும் மூன்று கோள்கள் நேரடியாகப் படம்பிடிக்கப்பட்டபோது கிடைத்ததும் இரவல் ஒளியன்று. அக்கோள்களின் சொந்த வெப்பம் உமிழ்ந்த அகச்சிவப்புக் கதிரே.

‘கோள்’ என்னும் சொல்

இனித் தொடக்கத்தில் சுட்டிய சொல்விளக்கத்திற்கு வரலாம். ‘கொள்’ என்னும் வினையின் முதனிலை திரிந்த தொழிற்பெயர் ‘கோள்’ என்பதில் கருத்து வேறுபாடில்லை. கொள்ளப்படுவது ஒளி என்பதற்கே சான்று வேண்டும். திருஞானசம்பந்தரின் கோளறு பதிகம் கோள்களின் வரிசையில் ஞாயிற்றையும் சேர்த்து எண்ணுகிறது. ஒளியே இல்லாத பாம்புகள் இரண்டையும் எண்ணுகிறது. ஒளி தருவோனும் ஒளியற்றோரும் ஒருங்கே கோள் எனப்படுவதால், ஒளிகொள்ளுதல் அப்பெயருக்குக் காரணமாதல் பொருந்தாது. வடமொழிக் ‘கிரகம்’ என்பதும் பற்றுதல் என்னும் வினையடியாகப் பிறந்ததே. பற்றுதல், பீடித்தல் என்னும் நம்பிக்கை சார்ந்த பொருளே இரண்டிற்கும் பொதுவாகத் தெரிகிறது.

பட்டினப்பாலையில் வரும் நாண்மீன், கோண்மீன் என்னும் இணை இதனினும் பயனுடையது. இரண்டும் மீனே, ஒளியால் அவை வேறுபடுத்தப்படவில்லை. ஒரு நிலையில் நிற்கும் நாண்மீன்களின் இடையே கோண்மீன் கலந்து இயங்குகிறது. இவ்வேறுபாடு இயக்கம் பற்றியது. 2006இல் பிராகாவில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோளுக்கு வகுத்த இலக்கணமும் ஞாயிற்றைச் சுற்றுதல், தன் ஈர்ப்பால் உருண்டையாதல், தன் சுற்றுப்பாதைச் சூழலைத் துடைத்திருத்தல் ஆகிய மூன்றையே கூறுகிறது. ஒளியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நம் பாடநூல்களும் கலைச்சொல் தொகுதிகளும் ‘தன்னொளி அற்றது கோள்’ என்பதை இன்னும் இலக்கணமாகவே எழுதிவருகின்றன. அது இலக்கணமன்று; 1610க்குப் பின் கண்ணறியும் ஒளிக்கு மட்டும் நிறுவப்பட்ட ஒரு கண்டுபிடிப்பு.